கன்றின் விரைக்குள் ஒரு குருத்து: விந்துக் குருத்தணுக்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

தமிழக-கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் சினை ஊசி போடுவதற்காகச் சுற்றி வருகிறவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழுவத்தில் ஓர் அக்கா கேட்ட கேள்வி இன்றுவரை மனத்தை விட்டுப் போகவில்லை. அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக வளர்ந்து வரும் குட்டை ரக நாட்டுப் பசு ஈன்ற காளைக்கன்று, மூன்று மாதத்தில் கழிச்சல் கண்டு இறந்து கிடந்தது. "இந்த ஜாதியில வேற காளையே இல்லீங்க தம்பி. இதோட விதையில இருந்து ஏதாச்சும் எடுத்து வெக்க முடியாதுங்களா?" என்று கேட்டார். "கன்னுக்குட்டியில இன்னும் விந்து ஊறியிருக்காதுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அது பாதிப் பதில். அந்தக் கன்றின் விரையில் விந்தணு இல்லாவிட்டாலும், விந்தணுவை உண்டாக்கும் மூலச் செல் பிறந்த நாளிலிருந்தே இருந்தது. அந்தச் செல்லைப் பற்றியும், ஆயிரக்கணக்கான மற்ற செல்களுக்கு நடுவே அதை இன்னதென்று கண்டறிவது ஏன் இத்தனை கடினம் என்பதைப் பற்றியும் எழுதினால்தான் மீதிப் பதிலைச் சொன்னதாகும்.

ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் குருத்தணு என்று சொல்வதுண்டு. தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாழும் எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. தென்னையில் எத்தனை மட்டை விழுந்தாலும் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். அவை எல்லாம் உச்சியில் இருக்கிற ஒரே குருத்திலிருந்து வருகின்றன. குருத்தழுகல் நோய் வந்து அந்த முளை அழிந்துவிட்டால், வேரும் தண்டும் நன்றாக இருந்தாலும் மரம் பட்டுப்போகும். குருத்து ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது: அது ஓலையாக மாறிக்கொண்டும் இருக்கிறது, தான் தீர்ந்துவிடாமல் குருத்தாகவும் நீடிக்கிறது. விரைக்குள் இருக்கும் விந்துக் குருத்தணுவும் அப்படித்தான். அது பிளவுபடும்போது ஒரு பங்கு விந்தணுவாகும் பாதையில் செல்கிறது, மறு பங்கு குருத்தணுவாகவே தங்கிவிடுகிறது. ஒரு பொலிகாளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கோடி விந்தணுக்களைப் பல ஆண்டுகளுக்கு ஓயாமல் உண்டாக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

இந்தக் குருத்தணுக்கள் இருக்குமிடத்தைப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கறிக்கடையில் கிடாயின் விதையை வாங்கி, வெள்ளையான வெளித்தோலைக் கத்தியால் கீறினால், உள்ளே வெளிர்மஞ்சள் நிறத்தில் மெதுமெதுவென்று சதை பிதுங்கும். அதை ஊசி முனையால் மெல்ல இழுத்தால் வேகவைத்த சேமியாவைவிட மெல்லிய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவி வரும். அவைதான் விந்து நுண்குழல்கள். ஒவ்வொரு நூலும் உள்ளே துளையுள்ள குழல். அதன் சுவரில் செல்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. சுவரின் வெளி ஓரத்தில், அடிச்சவ்வு எனப்படும் மெல்லிய விரிப்பின் மேல், உயிரியல் நூல்கள் ஸ்பெர்மட்டோகோனியா என்று அழைக்கும் முன்னோடிச் செல்கள் அமர்ந்திருக்கின்றன. அவை பெருகிப் பெருகி உட்புறமாக நகர்ந்து, நடுத்துளையை அடையும்போது வால் முளைத்த விந்தணுக்களாகின்றன. அடிச்சவ்விலிருந்து துளை வரை உயர்ந்து நின்று, இவை அனைத்தையும் அணைத்துப் போற்றி வளர்ப்பவை செர்டோலி செல்கள். குழல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் இருந்துகொண்டு ஆண் ஹார்மோனைச் சுரப்பவை லேடிக் செல்கள்.

முன்னோடிச் செல் விந்தணுவாக முதிர்வதற்குக் காளையில் ஏறத்தாழ 61 நாட்கள் ஆகின்றன. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் ஏழு வாரத்தை ஒட்டிய காலம், பன்றியில் அதைவிடக் குறைவாக 39 நாட்கள் அளவில். மாடு வளர்க்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் அனுபவத்திலேயே கண்டிருப்பார்கள். கோமாரி போன்ற நோயில் கடுங்காய்ச்சல் கண்ட காளை குணமடைந்த பின்னும் சில வாரங்களுக்கு அதன் விந்து தரமற்று இருக்கும். இரண்டு, மூன்று மாதம் கழித்துப் பழையபடி தேறிவிடும். வெப்பத்தால் கெட்டவை வளர்நிலையில் இருந்த செல்கள். அடிச்சவ்வில் ஒட்டியிருந்த குருத்தணுக்கள் பிழைத்திருந்ததால் அடுத்த விளைச்சல் வந்தது. குருத்தணு தன்னை வெளிக்காட்டிக்கொள்ளும் மிக எளிய தருணம் இது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் காளை தேறியதை வைத்துக் குருத்தணு இருந்திருக்கிறது என்று ஊகிக்கலாமே தவிர, இந்தச் செல்தான் அது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தென்னங்குருத்து மர உச்சியில் தனியாகத் தெரிகிறது. விந்துக் குருத்தணுவோ தன்னைப்போலவே தோற்றமளிக்கும் முன்னோடிச் செல்களின் வரிசைக்குள் கலந்து கிடக்கிறது. எண்ணிக்கையும் மிகக் குறைவு. நன்கு ஆராயப்பட்ட சுண்டெலியில், விரையிலுள்ள இனப்பெருக்கச் செல்களில் 10,000க்கு மூன்று மட்டுமே குருத்தணுக்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு படி அரிசியில் சில மணிகள் மட்டும் வேறு நெல்லிலிருந்து வந்தவை, அவையும் நிறத்திலும் நீளத்திலும் மற்ற அரிசியை ஒத்தவை என்றால், அவற்றைப் பொறுக்கி எடுக்கும் வேலை எப்படியிருக்குமோ அப்படிப்பட்ட வேலை இது.

முதலில் உதவுவது இருப்பிடமும் உருவமும். குருத்தணு அடிச்சவ்வை ஒட்டியே இருக்கும். உட்கரு பெரிதாக, வட்டமாக, அதிகம் இறுகாத குரோமட்டினுடன் (உட்கருவுக்குள் இருக்கும் மரபுப்பொருள் இழைகள்) இருக்கும். எலிகளில் 1971-ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்ட ஒரு விளக்கம் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. முன்னோடிச் செல் ஒன்று பிளவுபட்டு, இரண்டும் முற்றிலும் பிரிந்துவிட்டால் அவை தனிச்செல்கள். பிரியாமல் மெல்லிய பாலத்தால் இணைந்தே இருந்தால் அது இரட்டை. இரட்டை நான்காகி, எட்டாகி, பதினாறாகிச் சங்கிலியாக நீளும். தனிச்செல்லே குருத்தணு, சங்கிலியில் சேர்ந்தவை விந்தணுவாக முதிரும் பாதையில் அடியெடுத்து வைத்தவை என்பது அந்த விளக்கம். பின்னாளில் இது அத்தனை கறாரானதல்ல என்று தெரிந்தது. எல்லாத் தனிச்செல்லும் குருத்தணுவல்ல, சில வேளைகளில் சிறு சங்கிலிகள் அறுந்து மீண்டும் குருத்தணுவாக இயங்குவதும் உண்டு. அப்படியானால் உருவத்தை மட்டும் நம்பி முடிவு செய்ய இயலாது.

கன்றுகளில் இன்னொரு நிலையும் உண்டு. பிறந்த கன்றின் நுண்குழலில் இன்னும் துளையே விழுந்திருக்காது. கோனோசைட் எனப்படும் பெரிய உருண்டைச் செல்கள் அதன் நடுவில் இருக்கும். பிறந்தபின் வரும் மாதங்களில் அவை மெல்ல நகர்ந்து அடிச்சவ்வை அடைந்து முன்னோடிச் செல்களாகும். விந்து ஊறுவதற்கு முந்தைய இந்தப் பருவத்தில் குழலுக்குள் செர்டோலி செல்களையும் இந்தச் செல்களையும் தவிர வேறு கூட்டம் இல்லாததால், வளர்ந்த காளையைவிடக் கன்றிலிருந்து குருத்தணுக்களைத் தேடுவது எளிது. ஆய்வாளர்கள் சில மாதமே ஆன கன்றுகளையும் குட்டிகளையும் விரும்பித் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம்.

உருவம் கைவிட்ட இடத்தில் செல்லின் மேற்பரப்பு துணைக்கு வருகிறது. இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு பெருமிதம் உண்டாகிறது. ஏனென்றால் மாட்டின் விந்துக் குருத்தணுவை நாடிச் செல்லும் முதன்மையான பொருள்களில் ஒன்று நம் கொள்ளிலிருந்து கிடைக்கிறது. ஆம், எங்கள் ஊரில் கொள்ளு என்றும் மலையாளத்தில் முதிரை என்றும் சொல்லப்படும், உழவு மாட்டுக்கு வேகவைத்துக் கொடுக்கும், அதே தானியம். தாவர விதைகளில் லெக்டின் என்ற புரத வகை உண்டு. ஒவ்வொரு லெக்டினும் ஒரு குறிப்பிட்ட சர்க்கரை மூலக்கூறைக் கண்டால் மட்டுமே ஒட்டும். கொள்ளின் லெக்டின் என்-அசிட்டைல் காலக்டோசமின் என்ற சர்க்கரையில் ஒட்டுவது. கொள்ளின் பழைய தாவரவியல் பெயரான டோலிகோஸ் பைஃப்ளோரஸ் என்பதை ஒட்டி அதை டி.பி.ஏ. என்று ஆய்வுக்கூடங்களில் அழைக்கிறார்கள். ரத்த வங்கிகளில் 'ஏ' வகை ரத்தத்தை ஏ1, ஏ2 என்று பிரித்தறிவதற்கும் இதையே பயன்படுத்துகிறார்கள். ஏ வகைச் சிவப்பணுக்களின் மேல் இருப்பதும் அதே சர்க்கரைதான்.

காளைக்கன்றின் விரையை மெல்லிய சீவலாக அரிந்து, ஒளிரும் சாயம் கோத்த கொள்ளு லெக்டினை அதன் மேல் விட்டுக் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்தால், இருண்ட குழலுக்குள் கோனோசைட்டுகளும் தொடக்கநிலை முன்னோடிச் செல்களும் மட்டும் பச்சை வளையங்களாக மின்னும். அருகிலேயே இருக்கும் செர்டோலி செல்கள் இருட்டாகவே இருக்கும். பன்றிக்குட்டிகளிலும் இந்த முறை பயன்படுகிறது. இதற்கு எதிர்முனையில் நிலக்கடலையின் லெக்டின் இருக்கிறது. அது முதிர்ந்துவரும் விந்தணுவின் தலையிலுள்ள தொப்பி போன்ற பகுதியில் ஒட்டுகிறது. குழலின் வெளியோரத்துக்குக் கொள்ளு, உள்ளோரத்துக்குக் கடலை.

கொள்ளுச் சாயம் ஒட்டிய செல் எல்லாம் குருத்தணு என்று சொல்லிவிட முடியுமானால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். அது குருத்தணுவையும் அதன் உடனடி வாரிசுகளையும் சேர்த்தே காட்டுகிறது. ஆகவே செல்லுக்குள் இருக்கும் புரதங்களையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை அனுப்பி, அது போய் ஒட்டிய இடத்தை நிறத்தாலோ ஒளியாலோ காண்பது முறை. கால்நடைகளில் மிகுதியாகப் பயன்படுவது யு.சி.எச்.எல்.1 என்ற புரதம். மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகியவற்றின் முன்னோடிச் செல்களில் அது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது நரம்புச் செல்களின் புரதம் என்றே முதலில் பெயர் பெற்றது; விரைக்குள் ஓடும் நரம்பு இழைகளையும் அது காட்டும் என்பதால், குழலுக்கு உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பி.எல்.இசட்.எஃப். என்பது உட்கருவுக்குள் இருக்கும் புரதம். இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகள் இளமையில் விந்தணு உண்டாக்கினாலும், வயது ஏற ஏறக் குழல்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகிவிடுவதை 2004-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. குருத்தணு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள இது தேவை என்று அதனால் தெரிந்தது. இது வெறும் அடையாளம் மட்டுமல்ல, குருத்தணுவின் தொழிலோடு தொடர்புடையது என்பதால் நான் இதற்குக் கூடுதல் மதிப்புத் தருவேன். அதுபோலவே ஜி.எஃப்.ஆர்.ஏ.1 என்ற ஏற்பியும் முக்கியமானது. செர்டோலி செல்கள் ஜி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. அதை வாங்கிக்கொள்ளும் கை இந்த ஏற்பி. சுரப்பு குறைந்தால் குருத்தணுக்கள் தீர்ந்துபோவதையும், மிகுந்தால் விந்தணுவாக மாறாமல் குருத்தணுக்களாகவே குவிந்துவிடுவதையும் 2000-ஆம் ஆண்டில் சுண்டெலிகளில் காட்டினார்கள். இவற்றுக்கு மாறாக, சி-கிட் என்ற ஏற்பி மிகுந்திருந்தால் அந்தச் செல் விந்தணுவாகும் பாதையில் இறங்கிவிட்டது என்று பொருள். அதை வைத்து விலக்கிவிடலாம். இவ்வாறு முதல் இரண்டு சாட்சிகளும் இருந்து, சி-கிட் மட்டும் இல்லாமலிருந்தால், சந்தேகம் பெரும்பகுதி தீரும்.

இங்கே தொடக்கநிலை வாசகர்கள் தவறாமல் மனத்தில் கொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. இந்த அடையாளங்களில் பெரும்பாலானவை முதலில் சுண்டெலியில் கண்டறியப்பட்டவை. சுண்டெலியில் குருத்தணுவைக் காட்டும் புரதம் மாட்டிலும் அப்படியே காட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கன்றில் காட்டுவது வளர்ந்த காளையில் வேறு செல்களிலும் தென்படலாம். ஒவ்வொரு இனத்திலும், ஒவ்வொரு வயதிலும் தனியாகச் சரிபார்த்தாக வேண்டும். கால்நடை ஆய்வு மெதுவாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீவலில் அடையாளம் கண்டால் மட்டும் போதாது, உயிரோடு பிரித்தெடுக்கவும் வேண்டும். விரைத் திசுவைப் பொடியாக நறுக்கி, கொலாஜனேஸ் என்ற நொதியில் ஊறவைத்தால் குழல்கள் தனித்தனியாகும்; பிறகு டிரிப்சின் போன்ற நொதியால் குழல்களைக் கலைத்துச் செல்களாக்குவார்கள். கலங்கிய மோர் போலிருக்கும் அந்தக் கலவையைத் தட்டில் ஊற்றி வைத்தால் செர்டோலி செல்கள் தட்டின் அடியில் விரைவாக ஒட்டிக்கொள்ளும், முன்னோடிச் செல்கள் மேலே மிதக்கும். மேல் நீரை இறுத்தாலே ஓரளவு பிரிந்துவிடும். தட்டில் முன்கூட்டியே ஊமத்தையின் லெக்டினைப் பூசிவைத்தால் செர்டோலி செல்கள் இன்னும் உறுதியாகப் பிடிபடுகின்றன. கொள்ளும் ஊமத்தையும் ஒரே மேசையில் இப்படிக் கைகோத்து வேலை செய்வதை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். இன்னும் தூய்மை வேண்டுமென்றால், எதிர்ப்பொருளோடு நுண்காந்த மணிகளைக் கோத்துக் காந்தத்தால் இழுத்தும், ஒளிரும் செல்களைக் கருவியால் ஒவ்வொன்றாகத் தரம் பிரித்தும் எடுக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கையில் இருப்பது 'குருத்தணுவாக இருக்கக்கூடிய செல்கள்' தானே ஒழிய, குருத்தணு என்று நிரூபிக்கப்பட்டவை அல்ல. குருத்தணு என்பது ஒரு முகத்தின் பெயரல்ல, ஒரு தொழிலின் பெயர். நாற்றின் பச்சையைப் பார்த்து நெல் ரகத்தைச் சொல்லிவிட முடியாது. நட்டு, கதிர் வந்த பிறகே உறுதியாகும். அந்த நடவுச் சோதனையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் பிரின்ஸ்டர். 1994-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும், ஒரு சுண்டெலியின் விரைச் செல்களை எடுத்து, விந்தணு உற்பத்தி இல்லாத வேறொரு சுண்டெலியின் நுண்குழல்களுக்குள் செலுத்தினார்கள். கொடுத்த எலியின் செல்கள் சாயத்தில் நீலமாகும்படி முன்கூட்டியே மரபுக் குறி வைத்திருந்தார்கள். செலுத்திய செல்களில் முதிர்ந்தவை அழிந்துபோயின. குருத்தணுக்கள் மட்டும் வழி கண்டுபிடித்து அடிச்சவ்வை அடைந்து, வேரூன்றி, நீல நிறத் திட்டுகளாகப் பரவி விந்தணுக்களை உண்டாக்கின. அந்த விந்தணுக்களிலிருந்து குட்டிகளும் பிறந்தன. ஒவ்வொரு நீலத் திட்டும் ஒரே குருத்தணுவிலிருந்து வளர்ந்தது என்பது பின்னர் உறுதிப்பட்டது. எனவே திட்டுகளை எண்ணினால், செலுத்தியவற்றில் வேரூன்றிய குருத்தணுக்கள் எத்தனை என்பதும் தெரிந்துவிடும்.

மாடு, பன்றி போன்றவற்றின் செல்களையும் சுண்டெலியின் விரைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும், சுண்டெலியைவிடப் பெரிய எலி இனத்தின் குருத்தணுக்கள் சுண்டெலிக்குள் விந்தணு வரை முதிர்ந்தன. மாட்டினுடையவை அடிச்சவ்வை அடைந்து, ஒட்டிக்கொண்டு, சிறு கூட்டமாகப் பெருகியதோடு நின்றுவிட்டன. இனத் தூரம் அதிகமானதால், சுண்டெலியின் செர்டோலி செல்களால் மாட்டுச் செல்லை மேற்கொண்டு வளர்த்தெடுக்க முடியவில்லை. ஆனாலும் இடம் தேடி அமர்ந்து பெருகுவது குருத்தணுவால் மட்டுமே ஆகும் காரியம் என்பதால், கால்நடைச் செல்களைச் சோதிக்க இந்தப் பாதி நடவும் பெரிதும் பயன்படுகிறது.

முழு நடவுக்கு ஆட்டிலிருந்து ஆட்டுக்கும், மாட்டிலிருந்து மாட்டுக்கும் மாற்றித்தான் பார்க்க வேண்டும். பெரிய விலங்குகளில் விரையின் நடுவே ஓடும் வலைக்குழலுக்குள் அல்ட்ராசவுண்டு படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துகிறார்கள். 2003-இல் வெளியான ஆய்வொன்றில், உறவற்ற ஆட்டின் செல்களைப் பெற்ற கிடாய்களில் ஒன்றுக்கு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எதுவுமின்றியே, செல் கொடுத்த ஆட்டின் மரபைத் தாங்கிய ஒரு குட்டி பிறந்தது. பெறுகிற விலங்கின் சொந்தக் குருத்தணுக்களை எப்படி நீக்குவது என்பதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. எலிகளுக்கு பியுசல்ஃபான் என்ற புற்றுநோய் மருந்தையும், செம்மறிக் கிடாய்களுக்குக் கதிர்வீச்சையும் பயன்படுத்தினார்கள். 2020-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஓட்லி குழுவினர், நானோஸ்2 என்ற ஜீனை நீக்கிய ஆண் விலங்குகளை உருவாக்கிக் காட்டினார்கள். அவற்றின் குழல்களும் செர்டோலி செல்களும் நலமாக இருக்கும், குருத்தணு மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட கிடாய்களிலும் பன்றிகளிலும் வேறு விலங்கின் குருத்தணுக்களைச் செலுத்தியபோது விந்தணு உற்பத்தி தொடங்கியது.

எங்கள் எல்லைப் பகுதிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். உயரம் 90 சென்டிமீட்டரை ஒட்டிய வெச்சூர் மாடு அற்றுப்போகும் நிலைக்கு வந்தபோது, 1989-இல் மண்ணுத்தியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி எஞ்சியவற்றைச் சேர்த்து அந்த இனத்தைக் காத்தார்கள். அட்டப்பாடியின் கறுப்பு ஆடு, ஆந்திர எல்லையில் புங்கனூர்க் குட்டை மாடு என்று இப்படிக் கைவிரல் விட்டு எண்ணும் நிலையை எட்டிய அல்லது எட்டக்கூடிய இனங்கள் மேலும் உண்டு. உறைவிந்துக் குச்சிகளைச் சேமித்து வைப்பது நல்லதே. ஆனால் குச்சி தீர்ந்தால் தீர்ந்ததுதான். வளர்ந்த காளை இருந்தால்தான் அதையும் எடுக்க முடியும். குருத்தணுவோ பெருகக்கூடியது, கன்றிலும் இருப்பது.

அந்த அக்காவுக்கு இன்று பதில் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். இறந்த கன்றின் விரையை அறுத்தெடுத்து உடனே பனிக்கட்டியின் குளிரில் வைத்துவிட்டால் செல்கள் சிறிது காலம் உயிர்ப்போடு இருக்கும். பன்றிக்குட்டித் திசுவில் ஒரு நாளைக்கு மேலும் தாங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். திசுவைச் சிறு துண்டுகளாக்கி, உறைகாப்புத் திரவத்தில் ஊறவைத்து, நாங்கள் உறைவிந்து வைத்திருக்கும் அதே திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் பாதுகாக்க முடியும். பிறந்த குட்டிகளின் விரைத் துண்டைச் சுண்டெலியின் தோலுக்கடியில் பதித்து வளர்த்தபோது, வெள்ளாட்டுத் திசுவிலும் பன்றித் திசுவிலும் விந்தணு முதிர்ந்ததை 2002-இல் வெளியிட்டிருக்கிறார்கள். மாட்டில் இது ஊர் மருத்துவமனையில் செய்துதரும் சேவையாக இன்னும் வரவில்லை. கன்று பிறக்கச் செய்யும் வரை போக ஆய்வுக்கூடத்தின் கைகள் வேண்டும். ஆனால் எடுத்து வைப்பதற்கு வேண்டியவை கத்தி, பனிக்கட்டி, நைட்ரஜன் குடுவை, முக்கியமாகக் கன்று இறந்த சில மணி நேரத்துக்குள் வரும் ஒரு தொலைபேசி அழைப்பு. அந்தக் குடுவை அன்றும் என் வண்டியின் பின்னால் இருந்தது.